நடுப்பாலத்தில் நின்றவர்கள்

பாலம் ஆடவில்லை. ஷாமளாவுக்கு முதலில் தட்டுப்பட்ட கோளாறு அதுதான்.

யுகேந்திரன் அக்கரையிலிருந்து இக்கரைக்கு நடந்து வந்து நின்றான். எண்பது கிலோ உடம்பு, கனத்த சப்பாத்து, நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடி என்று கைபேசி டிக் டிக்கென அடிக்கிற தாளத்துக்கு ஒத்த நடை. கரையில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஷாமளா லேப்டாப் திரையைப் பார்த்தாள். அவன் நின்ற பிறகு அதிர்வுக் கோடு இரண்டு துள்ளு துள்ளியது, மூன்றாவதோடு படுத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பாலத்தில் இதே மாதிரி ஒருவனை நடக்கவிட்டபோது, அவன் இறங்கிப் போய்ச் சிகரெட் பற்றவைத்த பிறகும் பாலம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இருபது வினாடி. அவள் எண்ணியிருக்கிறாள்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்று சொல்வதுதான் நியாயம். ஏனென்றால் பாலம் ஆடக்கூடாது என்றுதான் அவள் பதினாலு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் இரும்பைப் பற்றி அவளுக்குத் தெரியும். மனிதர்களுக்கு வயதானால் ஆட்டம் அடங்கும், இரும்புக்கு அடங்காது. கைப்பிடிக் கம்பியைப் புதிதாகப் போட்டிருந்தார்கள், அறுந்த மூன்று தொங்கு கம்பிகளை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கெல்லாம் ஒரு பாலம் திருந்திவிடாது.

"என்னக்கா, நல்லா இருக்கா?" யுகேந்திரன் சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்தான். இருபத்தொன்பது வயது. ஜொகூர் பாருவில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவனும் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. அதனால்தான் அவனை அழைத்து வந்திருந்தாள்.

"பாயிண்ட் செவன் டூ," என்றாள்.

"அலமாக். ரெண்டு பாயிண்ட்டுல போச்சா?"

0.70 தான் எல்லை. ஆள் நடக்கும்போது பாலம் எந்த வேகத்தில் மேலும் கீழும் உதறுகிறது என்பதன் அளவு அது. அதற்குக் கீழே இருந்தால், நடக்கிறவருக்கு வயிறு கலங்காது, மனிதருக்குச் சௌகரியம் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். மேலே போனால் பாலம் திறக்காது. அப்படி எழுதிக் கொடுப்பதுதான் ஷாமளாவின் பிழைப்பு. இந்தப் பாலத்துக்கு அவள் ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்று அளவு மேலே போனால், அன்றைக்கு எப்படிக் கீழே வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் அவளுடைய பொறியாளர் உரிமம் போகும், அதோடு நிற்காது, ஒன்பது பேர் செத்த வழக்கில் கூண்டில் ஏற வேண்டிவரும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். 0.70-க்குள் எதுவானாலும் சரி.

இந்தத் தடவை எண்ணை மாற்றி எழுதவும் வழியில்லை. அதிர்வுமானிகள் அளந்ததை அளந்த நொடியே விசாரணைக் குழுவின் கணினிக்கு அனுப்பிவிடும். ஆறு ஓட்டம் நடக்க வேண்டும், அதற்குள் நடப்பவனுக்குத் தாளம் பழகிவிடும் என்பதால் ஆறாவதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. கேமரா வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மணி நாலரை. காற்றே இல்லை. பெக்கோக் சாலையை விட்டு இறங்கும் செம்மண் பாதையின் இருபக்கமும் எண்ணெய்ப்பனைகள் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. எங்கோ இருந்த மில்லின் புளித்த வாடை ஆற்றுச் சேற்று வாடையோடு கலந்து மூக்கில் அப்பியது. மழை வரப்போகிற வானம், ஆனால் வராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் தோட்டத்து வீடுகள், அந்தக் கரையில் கோயில், பள்ளிக்கூடம், இரண்டு கடைகள். பாலம் பூட்டிய நாளிலிருந்து சனங்கள் ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள்.

"திரும்ப நட," என்றாள்.

நடந்தான். 0.72.

மூன்றாவது முறையும் நடந்தான். 0.72.

ஷாமளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். மனிதக் காலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஒரே ஆள் ஒரே பாலத்தில் மூன்று முறை நடந்தால் மூன்று எண் வரும். கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். தராசில் படிக்கல்லை வைத்த மாதிரி ஒரே எண் வராது. கருவிதான் மக்கர் செய்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மற்ற வரைபடங்களைத் திறந்தாள். அங்கேதான் அந்த நூற்றுப் பதினாலைப் பார்த்தாள்.

ஒவ்வொரு பாலத்துக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் நடந்தால்தான் அதிகமாக ஆடும். வெறும் பாலமாக இருந்தபோது இதன் தாளம் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. பாரம் ஏறினால் தாளம் குறையும். நூற்றுப் பதினாலு என்பதை அவள் ஒரே ஒரு நாளில்தான் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு நடுப்பாலத்தில் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஷாமளா தலை நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தாள். வெறிச்சென்று கிடந்தது. நடுவில் அதிர்வுமானியின் மஞ்சள் பெட்டி, பக்கத்தில் யுகேந்திரன் சாக்கட்டியால் போட்ட பெருக்கல் குறி, அதற்கு அப்பால் கோயில் கோபுரத்தின் மேல்பாதி. வேறெதுவும் இல்லை. கழுத்தடியில் ஓர் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. தட்டிவிட்டாள். எறும்பு இல்லை.

அந்த நாளை அவள் மறக்கவில்லை. மறந்த மாதிரி இருக்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் முதல்முறை அளந்தபோது வந்த எண் 0.94. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பாலம். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற பெண்கள் ஒன்பது பேர் வேலை முடிந்து வந்து கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நீளக்கைச் சட்டை, தலைத்துணி, ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் வந்தாலே மூக்கை அறுக்கும் மருந்து வாடை. ஷாமளாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யோசனை அவளுக்கே வந்தது. ஆடுகிற பாலத்தில் அசையாமல் நிற்கிற மனித உடம்பு, சிந்திய தண்ணீரைத் துணி உறிஞ்சுகிற மாதிரி ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாலம் வாங்க வேண்டியதை முட்டியும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும்.

"அக்கா, ரெண்டு நிமிஷம் நடுவுல போய் நில்லுங்க. அசையக் கூடாது. நீங்க நின்னா பாலம் ஆடாது," என்றாள்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த வெள்ளையம்மா வெற்றிலைச் சிவப்போடு சிரித்தாள். "நாங்க நின்னா ஆடாதா மேடம்? அவ்ளோ வெயிட்டாவா இருக்கோம்?" என்று கேட்டுவிட்டு, மற்றவர்களை வரிசையாக நிறுத்தினாள். யாரும் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எண் 0.72-க்கு இறங்கியது. இன்னும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஷாமளாவே போய் வெள்ளையம்மாவுக்குப் பக்கத்தில் பத்தாவதாக நின்றாள். 0.69. எல்லோருக்கும் பால் விடாத ஐஸ் தேநீர், தே ஓ ஐஸ், வாங்கிக் கொடுத்தாள். பாலத்தில் யாரும் இல்லாதபோது அளந்தது என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மாதம் கழித்துச் சித்திரா பௌர்ணமி ஊர்வலம். பாலத்தின் மேல் முந்நூறு பேர், முன்னால் உருமி மேளம். உருமியின் அடிக்குக் கால்கள் ஒத்து விழ ஆரம்பித்ததும் பாலம் எழுந்து எழுந்து இறங்கியது. சனங்கள் அலறிக்கொண்டு இரண்டு கரைக்கும் ஓடினார்கள். ஓடியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஓடாமல் நின்றவர்கள் ஒன்பது பேர். நடுவில், கைப்பிடிக் கம்பியை ஒட்டி, வரிசையாக. உயிர் பிழைத்த ஒரு பையன் விசாரணையில் சொன்னான்: "வெள்ளையம்மா அக்காதான் கத்துனாங்க. 'ஓடாதீங்க, அசையாம நில்லுங்க, நின்னா ஆடாது, மேடம் சொல்லிருக்காங்க'ன்னு." தொங்கு கம்பி அறுந்து, கைப்பிடி பிய்த்துக்கொண்டு, வரிசை கலையாமல் ஆற்றுக்குள் போனார்கள். எந்த மேடம் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணை அறையின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஷாமளா எழுந்து நிற்கவில்லை.

கைபேசி அடித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாலத்தைக் கட்டிய குத்தகையாளர் தேனப்பன். குரல் எப்போதும்போல் வெண்ணெயாக இருந்தது.

"ஷாமளாம்மா, முடிஞ்சுதா? கமிட்டியில பாத்துட்டே இருக்காங்க. மூணு ரன்னும் மேல நிக்குதாமே?"

"இன்னும் மூணு இருக்கு சார்."

"நீங்க பாத்துக்குவீங்க. போன தடவையும் நீங்கதானே பாத்துக்கிட்டீங்க." குரலைத் தாழ்த்தினார். "பழைய ஃபைல யாரும் தெறக்காம இருந்தா எல்லாருக்கும் நல்லது, இல்லையா?"

வைத்துவிட்டார். யுகேந்திரன் நாலாவது முறை நடந்து முடித்தான். 0.72. அவன் பாலத்திலிருந்து இறங்கி வந்து, தன் தோள்பட்டையை முகர்ந்து பார்த்தான்.

"அக்கா, நடுவுல போறப்பல்லாம் ஒரு வாடை வருது. எங்க ஊரு கம்பத்துல புல்லுக்கு மருந்து அடிப்பாங்கல்ல, அது மாதிரி. இங்க எங்க அடிக்கிறாங்க?"

"தோட்டத்துல அடிப்பாங்க. காத்துல வரும்."

"காத்தே இல்லையேக்கா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எண்பது கிலோ. இந்த இடத்தில் அவளை மன்னிக்க வழியில்லை. அவள் என்ன யோசித்தாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கே என்ன நிற்கிறது என்பதும் பாதி தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் சொன்னாள்.

"யுகேன், இந்த ரன்னுக்கு நான் நடக்கிறேன். நீ நடுவுல, அந்தக் குறியில போய் நில்லு. பெட்டி லூசா இருக்கு, காலால ஒட்டிப் பிடிச்சுக்க. அசையாத."

"ஆளு நிக்கலாமாக்கா? ரூல்ல இல்லையே லா."

"நான் சொல்றேன்ல."

அவன் போய் நின்றான். அவள் தாளத்தை ஓடவிட்டு, கைபேசியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். டிக். டிக். டிக். முதல் பத்து மீட்டர் வெறும் பாலம், காலடியில் இரும்புத் தகடு, அதற்கடியில் பழுப்பு நிறத்தில் வீங்கிப் போகிற ஆறு. அதற்குப் பிறகு வெயிலிலிருந்து ஒரு கதவுக்குள் நுழைந்த மாதிரி குளிர்ந்தது. மருந்து வாடை மூக்கைக் கிழித்தது. வலது முழங்கையில் ஈரத்துணி உரசியது. அவள் பார்க்கவில்லை. டிக். இடது தோளில் இன்னோர் ஈரம். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் மொளுக்கென்று அசைகிற சத்தம், காதுக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரே ஒரு தடவை. தாளம் தவறினால் ஓட்டம் வீணாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். யுகேந்திரனைக் கடந்தபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது. உதடு மட்டும் என்னவோ சொல்ல முயன்றது. அவள் நிற்கவில்லை.

அக்கரையை அடைந்து திரும்பிப் பார்த்தபோது அவன் குறியில் இல்லை. ஒரு கை நீளம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அடுத்த நிமிடம் இக்கரைக்கு ஓடினான். அவள் மறுபடியும் அந்தக் குளிருக்குள் நுழைந்து அவனிடம் வந்து சேர்வதற்குள், அவன் செம்மண்ணில் குந்திக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான் அசையவே இல்லக்கா. சத்தியமா அசையல. ஆனா தள்ளுனாங்க. மெதுவா, பஸ்ஸுல தள்ளி நிக்கச் சொல்ற மாதிரி. இடுப்புல கைய வச்சு." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அடிக்கல. கோவம்கூட இல்லக்கா. எடம் இல்லங்கற மாதிரி. வேற யாருக்கோ புடிச்சு வச்சிருக்கற மாதிரி."

திரையில் 0.72. அவள் அவனைவிட முப்பது கிலோ குறைவு. அவள் நடந்தாலும் அதே எண். அவன் நின்றாலும் அதே எண். அவன் கணக்கிலேயே சேரவில்லை.

"போலாம்க்கா. நாளைக்கு வரலாம். வேற யாரையாச்சும் கூட்டிட்டு வரலாம்."

போயிருக்கலாம். மடக்கு மேசையை மடக்கி, வண்டியில் ஏறி, சாஆ ஊர்ப் பக்கம் ஒரு கடையில் நிறுத்திச் சூடாக எதையாவது குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் விசாரணைக் குழுவின் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் அவளுக்கு வரவே வராமல் இல்லை. வந்தது. கூடவே செய்தித்தாளில் தன் படமும், அம்மாவின் முகமும், கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டிய அந்த வாக்கியமும் வந்தன. 'நான்தான் அந்த மேடம்.' அதைச் சொல்வதற்குப் பதில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது. இரண்டு நிமிடம்தானே? அன்றைக்கும் அவர்கள் பக்கத்தில்தான் நின்றாள். நின்று, இறங்கி வந்து, தே ஓ ஐஸ் குடித்தாள்.

"கடைசி ரன். நீ நட. நான் நிக்கிறேன்."

"அக்கா, வேணாம்க்கா."

"நட யுகேன். கண்ண மூடிக்கிட்டாவது நட. முடிஞ்சதும் வீட்டுக்குப் போலாம்."

அவன் அழுதுகொண்டே அக்கரைக்குப் போனான். நல்ல பையன். சொன்னால் கேட்பவன்.

ஷாமளா நடுப்பாலத்துக்குப் போனாள். மணி ஆறே கால். மேகத்துக்கு அடியில் மிச்சமிருந்த வெளிச்சம் கலங்கிய டீ நிறத்தில் இருந்தது. கோயிலில் மணி அடிக்கவில்லை, தவளை கத்தவில்லை, ஆறு மட்டும் தூணில் மோதி முனகிக்கொண்டிருந்தது. குளிர் வந்தது. வாடை வந்தது. சாக்கட்டிக் குறியின் மேல் இரண்டு காலையும் வைத்தாள். இந்தப் பக்கம் ஒரு தோள். அந்தப் பக்கம் ஒரு தோள். நடுவில் சரியாக அவள் அகலத்துக்கு இடம்.

யாரும் தள்ளவில்லை.

தூரத்தில் டிக் டிக். யுகேந்திரன் நடக்க ஆரம்பித்தான். முதல் அடி அவள் குதிகாலில் தெரிந்தது. இரண்டாவது முட்டியில். மூன்றாவது இடுப்பில். வலிக்கவில்லை, கனத்தது. நிற்கிற உடம்பு ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் என்று புத்தகத்தில் படித்ததை உடம்பால் படித்தாள். பக்கத்தில் யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள். ரொம்ப நாளாகத் தலையில் சுமந்ததைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் வருமே, அப்படி ஒரு மூச்சு. இன்னொருவர். இன்னொருவர். எண்ணினாள். ஒன்பது.

யுகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு அவளைக் கடந்தான். கரைக்குப் போனான். குனிந்து திரையைப் பார்த்தான்.

"அக்கா! பாயிண்ட் சிக்ஸ் நைன்! பாஸ்க்கா!"

கிடைத்துவிட்டது. சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது. காலைத் தூக்கினாள்.

கால் எழவில்லை.

மறுபடியும். கால் இருந்தது. தூக்க வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்னவோ இல்லை. வாயைத் திறந்தாள். திறக்கவில்லை. கண்ணை இமைக்கப் பார்த்தாள். அதுவும் இல்லை.

"அக்கா?" யுகேந்திரன் பாலத்தைப் பார்த்தான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். அவனுடைய பார்வை அவளுக்குள் நுழைந்து பின்னால் இருந்த கோயில் கோபுரத்தில் போய் நின்றது. "அக்கா? எங்க இருக்கீங்க?"

அவளுடைய பையில் கைபேசி அடித்தது. அவன்தான் அடிக்கிறான். அவள் தொடையில் அது அதிர்ந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

பிறகு அவன் ஓடி வந்தான். பாலத்தின் மேல் இங்குமங்கும் ஓடினான், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றை எட்டிப் பார்த்து "அக்கா, அக்கா" என்று கத்தினான். அவன் ஓடிய ஒவ்வோர் அடியும் அவள் எலும்புக்குள் இறங்கியது. நடையாக இருந்தபோது கனத்தது. ஓட்டமானபோது வலித்தது. நிறுத்து, நிறுத்து என்று உள்ளே கதறினாள். இருட்டும் நேரத்தில் பொம்பா தீயணைப்பு வண்டிகள் வந்தன. விளக்குகள், படகு, கயிறு, கனத்த பூட்ஸ் போட்ட இருபது ஆட்கள். அவள் ஆற்றில் விழுந்துவிட்டதாக அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவளைத் தேடி அவள் மேலேயே நடந்தார்கள்.

தேனப்பனும் வந்தார். கீழே இறங்காமல் நடுப்பாலத்தில், அவளுக்கு ஓர் அடி முன்னால் நின்று, யுகேந்திரனின் தோளில் கை போட்டார்.

"ஆளு காணாமப் போனது வேற விஷயம் தம்பி. நம்பர் என்ன வந்துச்சு?"

யுகேந்திரன் முகத்தைத் துடைத்தான். "பாயிண்ட் சிக்ஸ் நைன்."

"அப்ப பாலத்துல ஒண்ணும் இல்ல." தேனப்பன் தன் தோல்செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு."

அந்த இரண்டு தட்டும் அவளுடைய பல்வரிசையில் போய் முடிந்தன.

எத்தனை நாள் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. பசிக்கவில்லை. தூக்கம் வரவில்லை. மழை பெய்தது, நனைந்தாள், காயவில்லை. ஒரு காலையில் ஆட்கள் வந்து தடுப்பைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். வண்ணக் காகிதத் தோரணம் கட்டினார்கள். அப்போதுதான் அவளுடைய இடது பக்கத்துத் தோள் அசைந்தது. அசையக்கூடியவர்கள் என்றே அவள் நினைத்திருக்கவில்லை. ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சட்டையைப் பிழிந்தபடி, தலைத்துணியைச் சரிசெய்தபடி, வேலை விட்டுப் போகிறவர்களைப் போல ஒவ்வொருவராகத் தோட்டத்து வீடுகள் இருந்த பக்கம் நடந்து போனார்கள். அவர்கள் காலடி பாலத்தில் எந்த அதிர்வும் தரவில்லை. கடைசியாக வெள்ளையம்மா. அவள் ஷாமளாவின் முன்னால் வந்து நின்று, சிவந்த வாயோடு அவள் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. ஷாமளாவின் தோளைப் பிடித்து, அதிகமாக ஆடுகிற இடம் எதுவோ சரியாக அந்த இடத்துக்கு, ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்தாள்.

"நில்லுங்க மேடம்," என்றாள். போய்விட்டாள்.

பத்துப் பேர் வாங்கியதை இனி ஒருத்தி.

ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பதினாலு மாதம் சுற்றிப் போன பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, நீலப் பினாஃபோர், முதுகைவிடப் பெரிய பைகள். முதல் பிள்ளை பாலத்தில் கால் வைத்தபோதே அவளுடைய முட்டிச் சில்லில் ஒரு விரிசல் ஓடியது. பத்துப் பிள்ளைகள். முப்பது. எலும்பு பொடிந்தது, பொடிந்த எலும்பு நின்றது. விழ முடியவில்லை. நடுவில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் நின்று, காலால் தட்டிப் பார்த்தாள். ஒருமுறை குதித்துப் பார்த்தாள். ஷாமளாவின் வாய்க்குள் ஒரு பல் கழன்று நாக்கின் மேல் விழுந்தது. துப்ப முடியவில்லை.

"டேய், இங்க வாங்கடா! எவ்ளோ குதிச்சாலும் ஆடவே மாட்டேங்குது!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, கையோடு கை கோத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் கோயில் பக்கத்திலிருந்து, முன்பே கடந்து போன பிள்ளைகளும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் ஒண்ணா. ஒண்ணு. ரெண்டு."

அத்தனை பிள்ளைகளும் முட்டியை மடக்கினார்கள்.